மூன்றாம் வரிசையின் ஈரம்

எனக்குக் கிடைத்த முதல் வேலை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. டவுனில் புதிதாகத் திறந்த பெரிய மளிகைக் கடை அது. வாசலை ஒட்டி உயரமான ஒரு ஸ்டூல் போட்டு என்னை அதில் உட்கார வைத்தார்கள். எதிரே, கடையின் கடைசி மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு வட்டக் கண்ணாடி சாய்வாகத் தொங்கியது. நடுவில் உப்பிய கண்ணாடி. அதில் பார்த்தால் ஐந்து வரிசை அலமாரிகளும், அவற்றுக்கு நடுவே நடக்கிற ஆட்களும் வளைந்து சிறுத்துத் தெரிவார்கள். யாராவது சோப்பையோ பிஸ்கட்டையோ முந்தானைக்குள் ஒளித்தால் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவரை அப்படி ஒருத்தரையும் நான் பிடித்ததில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் நான் பார்த்த ஓர் ஆளைப் பற்றி இத்தனை வருஷமாக வீட்டில்கூடப் பேசியதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. அவசரநிலை அமலில் இருந்த காலம். மலையாள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நிலக்கடலையும் சோளமும் போட்டிருந்தோம். பெண் பிள்ளை டவுனுக்கு வேலைக்குப் போவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. அம்மாதான் பிடிவாதம் பிடித்தார். தினமும் காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போவேன். எங்கள் பக்கத்தில் அதை டவுன் என்றுதான் சொல்வோம், பெயர் சொல்லி வழக்கமில்லை.

கடை வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு சந்து இருந்தது. இரண்டு பக்கமும் நெருக்கமாக இருபது, இருபத்தைந்து கடைகள். கருவாடு, கயிறு, வெற்றிலை, பாத்திரம், இரண்டு சாப்பாட்டுக் கடைகள், கோடியில் ஒரு ராவுத்தருடைய மளிகையும் நாட்டு மருந்தும். சந்தின் நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரை எல்லாக் கடைக்கும் சுமந்து ஊற்றுவதற்கு ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். வாளி விழுந்து எப்போதோ இடது கால் நசுங்கியதால் அந்தக் காலை இழுத்து இழுத்து நடப்பார். ஓர் அடி வைக்கிற சத்தம், பிறகு சரக்கென்று ஓர் இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவர் வருவது தெரியும். எல்லாரும் தண்ணியக்கா என்றே கூப்பிட்டார்கள். கிணற்றை ஒட்டித் தகரம் சாய்த்த ஓர் ஒட்டுக்குடிசையில் தனியாக இருந்தார். சொந்த ஊர் வேலந்தாவளம் பக்கம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சந்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நான் இரண்டு வருஷம் அங்கே படித்தேன். மத்தியானம் வகுப்பு முடிந்து இறங்கினால் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன். தண்ணியக்கா குடத்தைச் சாய்த்துக் கையில் ஊற்றுவார். பஸ் வரும்வரை அவருடைய குடிசை நிழலில் உட்கார்ந்திருப்பேன். நான் சாப்பிடாமல் வந்த நாள் அவருக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டுக் கடையிலிருந்து இரண்டு இட்லியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வைப்பார்.

சந்தை இடித்துப் புதிய கட்டடம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு முதலில் யாருக்கும் நம்பிக்கையாக இல்லை. பிறகு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். லைசென்ஸ் வைத்திருந்த கடைக்காரர்களுக்குப் புதிய கட்டடத்தில் அறை தருவதாக எழுத்து வந்தது. தண்ணியக்காவிடம் எந்தக் காகிதமும் இல்லை. அவர் பெயர் எழுதிய ஒரு துண்டுத்தாள்கூட உலகத்தில் இருந்ததா என்பது சந்தேகம். என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்து, தனக்கும் ஓர் இடம் கேட்டு ஒரு மனு, எங்கள் பக்கத்துப் பேச்சில் அபேட்சை, அடித்துத் தரச் சொன்னார். நகரசபை ஆபீஸில் யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது, மலையாளம் பேசுவாரே தவிர வாசிக்கத் தெரியாது. அதனால் கொடுப்பதையும் நானே கொடுத்துவிட வேண்டும்.

இன்ஸ்டிட்யூட் மெஷினில் மலையாளத்தில் அழகாக அடித்தேன். அவர் பெருவிரலை மையில் தொட்டு ரேகை வைத்தார். மறுநாள் நகரசபை ஆபீஸுக்கு எனக்கும் ஒரு வேலை இருந்தது. புதிதாக வரப்போகிற கடைக்கு ஆள் எடுக்கிற இன்டர்வியூ அங்கேதான் நடந்தது. எந்த அதிகாரியிடம் அபேட்சையைக் கொடுக்க வேண்டுமோ, அவரே இன்டர்வியூ மேஜையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். முடிந்தபின் கொடுக்கலாம் என்று நினைத்தேன். முடிந்தது. அவர் சிரித்து, நல்ல கையெழுத்து, வேலை கிடைக்கும் என்கிற மாதிரி தலையாட்டினார். அந்தச் சிரிப்பைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அபேட்சை என் பையிலேயே ஊருக்கு வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் தள்ளினேன். அந்த வாரமே சந்தை இடித்தார்கள்.

இடித்த அன்றும் அடுத்த நாட்களிலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வகுப்புக்குப் போகாமல் வீட்டில் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போனபோது சந்து இருந்த இடம் வெறும் மைதானமாக இருந்தது. கிணறு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. மேலே கான்க்ரீட் பலகை போட்டு மண்ணைப் பரப்பிவிட்டிருந்தார்கள். தண்ணியக்காவைக் காணோம். எங்கே போனார் என்று யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் யாரும் எதையும் சத்தமாகக் கேட்பதில்லை என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

வருஷம் திரும்பி, ஓணத்துக்கு முன்னால் கடை திறந்தது. மொசைக் தரை, வரிசை வரிசையாக ட்யூப்லைட், பகலிலும் எரியும். வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து பொருளை எடுத்துக் கம்பிக்கூடையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களுக்கு இது பிடிபட வெகுநாள் ஆயிற்று. வாசலில் நின்று, எடுத்துக் கொடுக்க ஆள் வருவார் என்று காத்திருப்பார்கள். உள்ளே அழைத்து வந்தால் ஆஸ்பத்திரிக்குள் நடப்பது மாதிரி சத்தமில்லாமல் நடப்பார்கள், ஒன்றையும் தொடமாட்டார்கள். கூட்டம் இருந்தாலும் கடையில் பேச்சே இருக்காது. ட்யூப்லைட்டுகளின் ரீங்காரம் மட்டும் கேட்கும்.

கிணறு எந்த இடத்தில் வருகிறது என்று நான் மனசுக்குள் அளந்து பார்த்திருந்தேன். மூன்றாவது வரிசையின் கடைசி.

உப்புதான் முதலில் காட்டியது. மூன்றாவது வரிசையின் கீழ்த்தட்டில் அடுக்கிய உப்புப் பாக்கெட்டுகள் இரண்டே நாளில் கசிந்து தரையில் தண்ணீர் நின்றது. மானேஜர் ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி, நல்ல மனுஷர். மழைக்காலம் என்று சொல்லி உப்பை ஐந்தாவது வரிசைக்கு மாற்றினார். உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை வைத்தார்கள், அது கட்டியாயிற்று. பிறகு தீப்பெட்டி வைத்தார்கள். ஒரு குச்சியும் பற்றவில்லை. மழை நின்று, மலைக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசி, ஊரே உதடு வெடித்துக் கிடந்த மார்கழியிலும் அந்த ஒரு தட்டு மட்டும் ஈரமாகவே இருந்தது. அந்த இடத்தில் செருப்பில்லாமல் நின்றால் பாதம் சில்லிட்டது.

பிறகு ஒரு நாள், மத்தியானம் ஒரு மணி இருக்கும், கடையில் ஆளே இல்லை. பில் போடுகிற பெண் குனிந்து ரசீதுப் புத்தகத்துக்குக் கார்பன் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல மேலே கண்ணாடியைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் குடம். கண்ணாடியில் முகம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு காலில் பாரம் கொடுத்து மறு காலைத் தளர விட்டு நிற்கிற நிலை எனக்குத் தெரியும்.

ஸ்டூலை விட்டு இறங்கி நடந்தேன். மூன்றாவது வரிசையில் யாரும் இல்லை. தரை ஈரமாக இருந்தது, அது எப்போதும் இருப்பதுதான். திரும்பி வந்து உட்கார்ந்து மேலே பார்த்தேன். கண்ணாடியிலும் யாரும் இல்லை.

என் மனசுதான் படம் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டேன். செய்த காரியம் உறுத்துகிறது, அதனால் தோன்றுகிறது. வாரத்தில் ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை, அதே மத்தியான நேரத்தில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து வாரத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் பில் போடுகிற பெண் தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, மூணாவது வரிசைல ஒரு அம்மா குடத்தோட நிக்கறாங்களே, குடத்தை வெளிய வெச்சுட்டுப் போகச் சொல்லலீங்களா?"

அவள் மீனாட்சிபுரத்துக்காரி. பால் மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண். சாமான் வாங்குவதெல்லாம் பொள்ளாச்சியில். வேலைக்கு வருவதற்கு முன் அவள் இந்த டவுனுக்கே வந்ததில்லை, சந்தைப் பார்த்ததில்லை, தண்ணியக்காவைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவள் கேட்டுவிட்டு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று நேராக மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கார்பனைச் சரி செய்தாள். மறுநாளிலிருந்து தன் நாற்காலியைக் கண்ணாடி தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ராவுத்தர் கடையில் நின்றேன். அவருக்குப் புதிய கட்டடத்தின் வெளிப்பக்கம் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் அவரிடம்தான் மருந்து வாங்கினார்கள். சுக்கு வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் தண்ணியக்கா எங்கே போனார் என்று கேட்டேன். அவர் சுக்கைப் பொட்டலம் கட்டி முடித்தார். பிறகு சொன்னார். சந்தை இடித்த பிறகும் அவர் மூன்று நாள் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். ராவுத்தர் தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லியும் போகவில்லையாம்.

"நாலாம் நாள் மத்தியானம் அந்தம்மா கொடம் கெணத்து மேட்டுல இருந்ததை நான் பார்த்தேம்மா. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், மேல பலகை போட்டுட்டாங்க. கொடமும் இல்லை, ஆளும் இல்லை. பலகை போட்டவன் குனிஞ்சு உள்ளே பார்த்தானான்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பஸ் பயணம் முழுக்க என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அபேட்சை அப்போதும் அந்தப் பையின் உள்ளறையில்தான் இருந்தது. தூக்கி எறியப் பயம், எடுத்துப் பார்க்கவும் பயம்.

மாசியில் தரை விரிசல் விட்டது. மொசைக்கில் விரிசல் விழுவது புதிதல்ல. ஆனால் இந்த விரிசல் வட்டமாக விழுந்தது. முதல் நாள் ஒரு கோடு, அடுத்த நாள் அது வளைந்தது, பத்து நாளில் இரண்டு முனையும் சேர்ந்துகொண்டன. யாரோ காம்பஸ் வைத்துக் கீறியது மாதிரி ஒரு முழு வட்டம், மூன்றாவது வரிசையின் கடைசியில். வாடிக்கையாளர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். மானேஜருக்குக் கிணறு விஷயம் அப்போதுதான் தெரியும். கட்டடமே இறங்கிவிடும் என்று பயந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையை உடைத்துப் பலகையைத் தூக்க ஏற்பாடு செய்தார். எனக்கு அன்று லீவு. ஆனாலும் போனேன். வீட்டில் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பலகையைக் கம்பி வைத்து நெம்பித் தள்ளியபோது ஒரு குளிர்ந்த மூச்சு மேலே வந்தது. தண்ணீர் எட்டித் தொடுகிற உயரத்தில் நின்றது. பழைய நாளில் பத்துப் பன்னிரண்டு முழம் கயிறு விட்டு இறைத்த கிணறு அது. தண்ணீர் அத்தனை தெளிவு. மேலே எரிந்த ட்யூப்லைட் அதில் நீளமாகத் தெரிந்தது. மூடி வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஒரு கெட்ட வாடை இல்லை.

கிணறு தூர் வாருகிறவர் பாதாளக்கரண்டியை இறக்கினார். அதன் கொக்கிகள் அடியில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அலமாரியைப் பிடித்தபடி நின்றேன். முதலில் ஒரு வாளி வந்தது. பிறகு அறுந்த கயிறு, ஓர் அலுமினியத் தம்ளர். பிறகு ஒரு பித்தளைக் குடம், கழுத்தில் பழைய நசுங்கல். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, வாசலில் நின்றிருந்த ராவுத்தருக்கும் தெரிந்தது. அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வெளியே போய்விட்டார். தூர் வாருகிறவர் இன்னும் இரண்டு மணி நேரம் நாலா பக்கமும் துழாவினார். வேறு ஒன்றும் வரவில்லை.

ஒன்றும் இல்லை என்று மானேஜர் நிம்மதியாக எழுதி வைத்துவிட்டு, மறுநாளே இரண்டு லாரி கருங்கல்லும் ஜல்லியும் கொண்டுவந்து கொட்டினார். கிணறு நிறைந்தது. மேலே புது மொசைக். அதற்குப் பிறகு மூன்றாவது வரிசை காய்ந்துவிட்டது. கண்ணாடியிலும் யாரும் வரவில்லை. பில் போடுகிற பெண் நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்த நாட்களில்தான் தூக்கம் போயிற்று. கொக்கிக்குச் சிக்காத ஏதோ ஒரு மூலையில் அவர் இருந்திருந்தால், அவர் மேல் கல்லைக் கொட்டுகிறபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இதை நினைத்தால் சோறு இறங்காது.

அடுத்த மாசம் என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அக்கா வீட்டுக்காரர் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தார். முதல் பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த முறை வர முடியவில்லை என்று எழுதியதால், ஒத்தாசைக்கு என்னைப் பதினைந்து நாள் லீவு போட்டு அனுப்பினார்கள். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். கடையையும் கண்ணாடியையும் விட்டு இவ்வளவு தூரம் வந்தது உடம்புக்கே சுகமாக இருந்தது.

நாலாம் நாள், உச்சிப்பொழுது. மூடுபனி இறங்கி, எதிர்வீட்டு வாசல்கூடத் தெரியவில்லை. பிள்ளையின் துணியைப் பிழிந்து உள்ளே கொண்டுபோகலாம் என்று எழுந்தேன். பாதையில் அந்தச் சத்தம் கேட்டது. ஓர் அடி. சரக்கென்று ஓர் இழுப்பு. ஓர் அடி. மறுபடி இழுப்பு.

நான் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதுதான் சரி. மலை தாண்டிப் பின்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு வெள்ளைத் துண்டு தெரிந்தது, பிறகு இடுப்பில் இருந்த உருவம். குடமில்லை. ஒரு குழந்தை. மூக்கு ஒழுகிக்கொண்டு, கம்பளிக் குல்லாய் போட்ட, நிஜமான குழந்தை. அதைச் சுமந்துகொண்டு வந்த தண்ணியக்கா என்னைப் பார்த்து நின்றார். இளைத்திருந்தார். முன்தலை நரைத்திருந்தது.

"அம்மிணி," என்றார். "இங்கயும் வந்துட்டயா?"

நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். எஸ்டேட் பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை ஒன்று கீழே இருந்தது. அவர் அங்கே ஆயா. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அதன் வீட்டில் விடப் போகிறாராம். விட்டுவிட்டு வரும்வரை அங்கேயே நின்றேன். பிறகு அவருடன் கொட்டகைக்குப் போனேன். வரிசையாகத் தூளிகள், எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். நாலாம் நாள் மத்தியானம் பொள்ளாச்சிக்குப் போகிற காய்கறி லாரியில் ஏறினாராம். அங்கே எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கிற ஒருத்தர் மலைக்குக் கூட்டி வந்தாராம். குடத்தைப் பற்றிக் கேட்டேன். கிணற்றுக்குள் தானே போட்டதாகச் சொன்னார். ஊற்றுவதற்கு ஒரு கடையும் இல்லாதபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றார்.

எனக்கு உடம்பு லேசாயிற்று. உயிரோடு இருக்கிறார், நான் பார்த்ததெல்லாம் மனப்பிரமை, முடிந்தது என்று இருந்தது. அப்போது அவர், தான் கொஞ்ச நாளாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பதாகச் சொன்னார்.

"மத்தியானம் இந்தப் புள்ளைக தூங்கறப்ப எனக்கும் கண்ணு அசந்துரும். அசந்தா ஒரு பெரிய ஊட்டுக்குள்ள நிக்கறேன். வெளக்கா எரியுது. சாமானெல்லாம் சுவத்துல அடுக்கி இருக்குது, குடுக்கறதுக்கு ஆளே இல்லை. தரை சில்லுனு இருக்குது. தூரத்துல நீ ஒரு ஒசந்த முக்காலி மேல உக்காந்து மேலயே பாத்துட்டிருக்கற. அம்மிணி, அம்மிணின்னு கூப்பிடறேன். நீ எறங்கி எம் பக்கத்துல வர்ற, என்னைத் தாண்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடற."

கடையைப் பற்றி அவரிடம் நான் எதுவும் பேசியிருக்கவில்லை. எனக்கு அங்கே வேலை கிடைத்ததே அவருக்குத் தெரியாது.

"இப்ப ஒரு மாசமா போக முடியறதில்லை," என்றார். "போற வழி பூராவும் கல்லாக் கெடக்குது."

தூளி ஒன்றில் குழந்தை சிணுங்கியது. அவர் காலாலேயே அதை ஆட்டினார். கல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அபேட்சையைப் பற்றிச் சொன்னேன். இன்டர்வியூ, அதிகாரியின் சிரிப்பு, பையின் உள்ளறை, தலைவலி என்று படுத்துக்கொண்டது, எல்லாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தூளியையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஆடி நின்ற தூளியை மறுபடி ஆட்டிவிட்டுச் சொன்னார்.

"நீ குடுத்திருந்தாலும் எடம் குடுத்திருக்க மாட்டாங்க அம்மிணி. அது எனக்குத் தெரியும். ஆனா குடுக்கலைன்னு அன்னைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, அந்த மூணு நாள் நீ படிச்ச மாடி சன்னலைப் பாத்துட்டு வெயில்ல உக்காந்திருக்க மாட்டேன்."

அழுதேன். அவர் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டதும் அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே மானேஜரிடம் போய் நின்றேன். எங்கள் கடையில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டியிருந்தது. இந்த இடத்தில் இருபது வருஷம் தண்ணீர் சுமந்தவர், அவரை எடுங்கள் என்று கேட்டேன். கேட்கும்போது வேலை போனாலும் போகட்டும் என்ற தைரியம் இருந்தது. அது இரண்டு வருஷம் பிந்தி வந்த தைரியம். மானேஜர் இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார். கட்டடத்தின் பின்பக்கம் காலியாகக் கிடந்த சாமான் அறையில் அவர் தங்கிக்கொள்ளவும் சம்மதித்தார். அக்கா வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினேன். வருவார் என்று நான் நம்பவில்லை. இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில், கையில் ஒரு துணி மூட்டையோடு கடை வாசலில் வந்து நின்றார். மலைக்குளிர் கால் எலும்புக்கு ஆகவில்லை, அதனால் வந்தேன் என்றார்.

மற்ற கிராமத்துப் பெண்கள் மாதிரி அவர் வாசலில் தயங்கவில்லை. மூட்டையை என் ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு நேரே உள்ளே நடந்தார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை தாண்டி மூன்றாவதில் திரும்பினார். பில் போடுகிற பெண் அந்தக் கால் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள். பார்த்தாள். ரசீதுப் புத்தகம் கையிலிருந்து விழுந்தது. எழுந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

தண்ணியக்கா புது மொசைக் போட்ட இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார். அலமாரித் தட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் போனதும் என் முகத்தை உற்றுப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"அம்மிணி, இப்ப நான் முழிச்சுட்டிருக்கறனா?"

அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. "முழிச்சுட்டுத்தானுங்க அக்கா இருக்கறீங்க," என்றேன்.

அவர் அந்தக் கடையில் பல வருஷம் வேலை செய்தார். நான் கல்யாணமாகி வேலையை விட்ட பிறகும் இருந்தார். ட்யூப்லைட் கண்ணைக் கூசுகிறது, பருப்பில் கல் அதிகம் என்று ஓயாமல் குறை சொல்வார். ராவுத்தர் கடையில் தினமும் வெற்றிலை வாங்குவார். பில் போடுகிற பெண் முதல் மாசம் அவரோடு பேசவே பயந்தாள், பிறகு மீனாட்சிபுரத்திலிருந்து அவருக்கு மோர் கொண்டுவர ஆரம்பித்தாள். மத்தியானத்தில் மட்டும் அவர் எங்கேயும் உட்காரமாட்டார். கண் அசந்துவிடாதபடி கையில் துடைப்பத்தோடு நடந்துகொண்டே இருப்பார். அசந்தால் இப்போது எங்கே போய் நிற்பாரோ என்று அவருக்குப் பயம். அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.